நாயின் கழுத்தில் ஒரு வெள்ளிக் காப்பு

நா லூங் ஊரில் மொக்கின் வீட்டு நாய்க்குக் கழுத்தில் வெள்ளிக் காப்பு கிடந்தது. கயிற்றில் கோத்துக் கட்டிய காப்பு. ஒரு நாய் செத்தால் அதை அவிழ்த்து அடுத்த குட்டியின் கழுத்தில் கட்டிவிடுவான் மொக். இப்போது இருப்பது மூன்றாவது நாய். வெளியூர்க்காரன் எவனாவது, “என்னப்பா, நாய்க்கு வெள்ளி போடுற அளவுக்கு வசதி வந்துருச்சா?” என்று கேட்டால், “அது நாயோட நகைதான். ஒரு நாயோட நான் மாத்திக்கிட்டது” என்பான். அவன் மனைவி லியூ அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளுக்கு அங்கே வேலை எதுவும் இருக்காது.

லியூ அப்படி ஒதுங்கிப் போகிற பெண்ணாக வந்தவள் இல்லை. எருமைத் தரகனுக்குப் பிறந்தவள். சந்தையில் பேரம் பேசியே வளர்ந்த வாய். கல்யாணத்தன்று பன்றியைச் சுமந்துவந்தவன் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து, மணப்பெண் என்கிற நினைப்பே இல்லாமல், “பன்னிய நீ தூக்கிட்டு வந்தியா, பன்னி உன்னத் தூக்கிட்டு வந்துச்சா?” என்று கேட்டவள். கூட்டம் சிரித்தது. பன்றி சுமந்துவந்தவன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். அவன் பெயர் ஷெங். மொக்கின் தோங்.

தோங் என்றால் சும்மா கூட்டாளி இல்லை. ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பையன்கள் சேவல் அறுத்து, வெள்ளிக் காப்பு மாற்றிக்கொண்டு, இனி உன் தாய் என் தாய் என்று சொல்லிவிட்டால் அது சாகிறவரைக்கும் நிற்கும் உறவு. தோங்கின் தாய் செத்தால் தலையில் வெள்ளை கட்ட வேண்டும். சவப்பெட்டி வருகிற பாதையில் மல்லாந்து படுக்க வேண்டும், பெட்டி மேலே கடந்து போக வேண்டும். பெற்ற மகனுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு. இந்த மலைப்பக்கத்து நுங் சனங்களில் இதை மீறினவன் என்று ஒருவனைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

ஷெங்கின் வீடு மலைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் சீனா, இந்தப் பக்கம் வியத்நாம் என்று எல்லைக்கல் நட்டவனுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். உழவுக்கு மொக் அங்கே போவான், அறுப்புக்கு ஷெங் இங்கே வருவான். மொக்கைவிடச் சில மாதம் இளையவன் என்பதால் லியூவுக்கு அவன் கொழுந்தன்.

“ஏன் கொழுந்தனாரே, உங்க ஊர்ல சோறே ஆக்க மாட்டாங்களா? விடிஞ்சா இங்க வந்து நிக்கிறீங்க.”

“ஆக்குறாங்க மதினி. ஆனா உங்க கை உப்பு வராது. உங்க வீட்டுல ஒரு வாய் தின்னா ரெண்டு குடம் தண்ணி குடிக்கணும், அதுலயே வயிறு ரொம்பிரும்.”

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூங்கில் தரையில் உட்கார்ந்து புகையிலை மெல்வாள். இரண்டு மகன்களுக்கும் சோறு போட்ட பிறகுதான் தன் கிண்ணத்தை எடுப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் எல்லாம் தலைகீழானது. நேற்றுவரை அண்ணன் நாடு, தம்பி நாடு என்று பாட்டுப் போட்ட ஒலிபெருக்கிகள் மலையின் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று திட்ட ஆரம்பித்தன. பெரிய இடத்தில் யாருக்கும் யாருக்கும் என்ன தகராறோ, நா லூங் சனத்துக்குத் தெரிந்தது சந்தை நின்றுபோனதுதான். எல்லை தாண்டினால் சுடுவோம் என்றார்கள். மொக்கைப் பட்டாளத்தில் எடுத்துத் தெற்கே கம்போடியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வாலிபர்கள் எல்லாரும் தெற்கே போனபின் வடக்கே எல்லையைக் காக்க மிஞ்சினது பெண்களும் கிழவர்களும். சத்தமாகப் பேசுகிறவள் என்பதாலேயே லியூவை ஊர்க்காவல் படைக்குத் தலைவியாக்கினார்கள்.

ஊருக்குப் பின்னால் மலைச்சரிவு. மேலே மேட்டில் சில கல்லறைகள், அதற்கும் மேலே எல்லை. அந்தச் சரிவைத்தான் அடைக்க வேண்டும் என்று உத்தரவு. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழைய காவல்கோட்டையின் வேலிக்கம்பிகளைப் பிடுங்கி, கொல்லன் பட்டறையில் முனை தீட்டி, புல்லுக்குள் மறைத்து வரிசை வரிசையாக நட்டார்கள். முழங்கால் உயரக் கூர்க்கம்பிகள், முனை எல்லையைப் பார்த்துச் சாய்ந்தபடி. இருட்டில் ஓடிவருகிறவன் காலோ வயிறோ மிஞ்சாது. பாதி வரிசையை லியூவே நட்டாள். கை இரண்டும் காய்த்துப்போயின.

அந்தக் குளிர்காலத்தில் மாமியார் படுத்துவிட்டாள். புத்தாண்டுப் பலகாரம் தீரும் முன்பே மூச்சு இழுக்கத் தொடங்கியது.

“மொக் வருவானா?” என்று கேட்டாள்.

“வந்துட்டே இருக்கார் அத்தை.”

“பொய் சொல்லாத. பொய் சொன்னா உனக்கு வாய் கோணும், நான் பாத்துருக்கேன். அவன் வரலைன்னா ஷெங்கக் கூப்பிடு. மகன் படுக்காத பாதையில நான் போக மாட்டேன். உங்க மாமனார் பக்கத்துல என்னைய வைங்க.”

மாமனார் கிடப்பது மேட்டுக் கல்லறையில், கம்பி வரிசைக்கு அந்தப் பக்கம். இரண்டுமே நடக்காத காரியம். லியூ சரி என்று சொல்லி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாகிறவளிடம் வேறென்ன சொல்வது?

நுங் வீட்டில் சாவு விழுந்தால் நாட்டுத்துப்பாக்கியால் மூன்று வெடி போடுவது வழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். ஆனால் எல்லையில் வெடிச்சத்தமே கூடாது என்று தடை. ஊர்த்தலைவர் வீ, எழுபதைத் தாண்டியவர், துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“நீ மூணு வெடி போட்டா அவன் முப்பது குண்டு போடுவான். மாமியாரோட சேத்து ஊரையும் பொதைக்கப் போறியா?”

“பெரியப்பா, உங்களுக்கும் நாளைக்கு இந்த வெடிய நான்தான் போடணும். போடவா, வேண்டாமான்னு இப்பவே சொல்லிருங்க.”

கிழவர் கையை எடுத்துவிட்டார். லியூ மூன்று முறை சுட்டாள். மலை மூன்று முறை அதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எல்லாரும் மூச்சுவிட்டார்கள்.

மறுநாள் மதியம், மூடுபனியில் முகம் தெரியாத வெளிச்சத்தில், ஷெங் வந்து நின்றான். தலையில் ஏற்கெனவே வெள்ளை கட்டியிருந்தான். கம்பிச் சரிவைச் சுற்றிக்கொண்டு பாறை வழியாக இறங்கியதில் முட்டி இரண்டும் உரிந்திருந்தன.

“எல்லையில எப்பிடி விட்டாங்க?” என்றாள் லியூ.

“நான் கேக்கல மதினி. கேட்டாத்தான விட மாட்டாங்க.”

பெட்டியின் காலடியில் உட்கார்ந்து, பெற்றவளைப் பறிகொடுத்தவனாக அழுதான். ஊருக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. எதிரி நாட்டான் ஊர்க்காவல் தலைவி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று ஒருத்தி. தோங் வந்திருக்கிறான், வராமல் இருந்தால்தான் அசிங்கம் என்று இன்னொருத்தி. பூசாரி முடிவாகச் சொன்னார்: பெட்டி மேட்டுக்குப் போக வேண்டும், மகன் பாதையில் படுக்க வேண்டும், படுக்கிற பாதையில் இரும்புமுனை இருக்கக் கூடாது. வீ பெரியவர் உட்பட ஊரே சரி என்றது. ஒருவர்கூட மறுக்கவில்லை, இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

லியூவும் ஊர்ப் பெண்களும் கம்பிகளைப் பிடுங்கினார்கள். பெட்டி சுமக்கிறவர்கள் பக்கவாட்டில் நடக்க இடம் வேண்டுமே, அதனால் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் பிடுங்கினார்கள். பிடுங்கிய கம்பிகளைக் கட்டுக் கட்டாகப் பிரம்பால் கட்டி, சரிவின் அடியில் அத்திமரத்தடியில் வைத்து இலை போட்டு மூடினாள் லியூ.

அடக்கம் நடந்தது. பாதையில் மகனாக ஷெங் படுத்தான். அவன் கால்மாட்டில் மருமகளாக லியூ படுத்தாள். பெட்டியின் அடிப்பலகை மூக்குக்கு மேலே மெதுவாகக் கடந்தது, பச்சை மரவாடை அடித்தது. அவன் விசும்புவது அவளுக்குக் கேட்டது. அந்த நேரத்தில் இவன் மொக் இல்லை என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை.

சாயங்காலம் சடங்குச் சோறு போட்டாள். ஷெங் கையை நனைக்கவில்லை. தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“மதினி, பிடுங்குன கம்பியெல்லாம் எங்க?”

“அத்திமரத்தடியில. எதுக்கு?”

“இருட்டுறதுக்குள்ள நட்டுருங்க.”

“மூணாம் நாள் சடங்கு முடியட்டும்.”

செத்தவர்கள் மூன்றாம் நாள் முடிவதற்குள் ஒருமுறை வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள். போன பாதையிலேயே வருவார்கள். அதுவரை அந்தப் பாதையில் முள்ளைக்கூடப் போட மாட்டார்கள் நுங் சனங்கள். இது ஷெங்குக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னான்.

“மூணாம் நாள் வரைக்கும் வேண்டாம். இன்னிக்கே நட்டுருங்க. மகனாப் படுத்தேன்ல, மகன் சொல்றேன். அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டா.”

“என்ன பாத்த? எதையாவது பாத்துட்டு வந்து சொல்றியா?”

அவன் தன் கைகளைப் பார்த்தான். “எனக்கு அங்க பொண்டாட்டி இருக்கா, பையன் இருக்கான். எதையும் கேக்காதீங்க மதினி. நட்டுருங்க.”

இதைவிட ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? ஆனால் லியூவின் நிலையையும் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக வாரத்துக்கு ஒரு அதிகாரி வந்து, நாளைக்கு வருகிறான், நாளன்றைக்கு வருகிறான் என்று சொல்லிச் சொல்லி அந்தப் பேச்சே புளித்துப் போயிருந்தது. மூன்று நாள் தூக்கமில்லை. புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. மாமியாரின் காலில் இரும்பு குத்தச் சொல்கிறானே என்பதுதான் அவள் காதில் விழுந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டாள்.

“பெத்த மகனா இருந்தா இப்பிடிச் சொல்ல வாய் வருமா? இரவல் மகன்தான நீ. படுத்து எந்திரிச்சதோட உன் கடமை முடிஞ்சுபோச்சு.”

பரிமாறிய சோறு அப்படியே இருக்க, ஷெங் வாசலைப் பார்த்து நடந்தான். லியூவின் ஐந்து வயது மகள் கூக், இலைச்சாற்றில் ஊறவைத்து ஆக்கிய கறுப்புச் சோற்றை வாழையிலைப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். “சித்தப்பா, பசிக்கும்” என்றாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டு அவள் தலையைத் தடவினான். பிறகு பனிக்குள் போய்விட்டான்.

மறுநாள், எழுபத்தொன்பது பிப்ரவரி பதினேழு, கிழக்கு வெளுக்கும் முன்பே மலை வெடித்தது. இரவெல்லாம் அந்தப் பக்கம் காத்திருந்த பீரங்கிகள் ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தன. குண்டு விழுந்து முடிவதற்குள் ஆட்கள் சரிவில் இறங்கிவிட்டார்கள். கம்பி நட்ட பக்கமெல்லாம் அலறல் கேட்டது. கம்பி பிடுங்கிய பாதையில் அலறல் இல்லை, ஓடிவரும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

லியூ மகளைத் தூளித்துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் குகைக்கு ஓடினாள். பின்னாலிருந்து சுட்டார்கள். ஓடும்போது ஒருமுறை முதுகில் யாரோ குத்திய மாதிரி இருந்தது. குகைக்குள் போய்த் துணியை அவிழ்த்தபோது கூக் சூடாகத்தான் இருந்தாள். லியூவுக்கு வர வேண்டிய குண்டை அவள் வாங்கியிருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் போட்டால் குகை தெரிந்துவிடும் என்பதால், லியூ தன் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு மாதம்கூட நிறையாத சண்டை அது. வந்தவர்கள் பாடம் புகட்டிவிட்டோம் என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். இவர்கள் விரட்டிவிட்டோம் என்று சொன்னார்கள். இரண்டு தலைநகரத்திலும் வெற்றிவிழா. நா லூங்கில் பாதிச் சனம் இல்லை. வீடுகள் கரியாகிக் கிடந்தன, எருமைகளைச் சுட்டுக் கிணற்றில் தள்ளியிருந்தார்கள். போகிற போக்கில் சரிவு முழுக்கக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். மேட்டுக் கல்லறைக்குப் போகிற வழி அன்றோடு அடைபட்டது.

ஜீப்பில் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். பாதை எப்படித் திறந்தது என்று கேட்டார். வீ பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சாவுக்கு வந்த சீனாக்காரன் போகும்போது கம்பியப் பிடுங்கிட்டுப் போயிட்டான்” என்றார். கூட்டத்தில் கம்பி பிடுங்கிய பெண்கள் ஐந்தாறு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு பிணம் விழுந்த வீட்டில் எப்படித் திறப்பாள்?

லியூ மட்டும் அதிகாரியின் பின்னால் ஜீப்வரை போனாள். “ஐயா, அவன் கம்பிய நடச் சொன்னான். நான்தான் கேக்கல” என்றாள். கம்பியை யார் பிடுங்கினது என்பது அவள் வாயில் வரவில்லை.

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னார். “ஒற்றன் அப்படித்தாம்மா பேசுவான். நடச் சொன்னா நீ நட மாட்டன்னு அவனுக்குத் தெரியும். உங்க சடங்கு அவனுக்குத் தெரியாததா?”

வெள்ளத்தில் போகிறவள் கட்டையைப் பிடிப்பதைப்போல லியூ அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டாள். ஷெங் காட்டிக்கொடுத்தவன் என்றால் கூக்கைக் கொன்றவன் ஷெங். அவன் நல்லவன் என்றால் கூக்கைக் கொன்றது லியூவின் வாய். இந்த இரண்டில் ஒன்றுதான் உண்டு, மூன்றாவது கிடையாது. அவன் துரோகியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ளும்போதே, பொட்டலம் வாங்கக் குனிந்தவனின் முகம் வரும்.

மொக் கம்போடியாவிலிருந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். ஊர் சொன்ன கதையைக் கேட்டான். மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அவன் பிடுங்கினானா?”

“ஊர்ல அப்பிடித்தான் சொல்றாங்க” என்றாள் லியூ.

அன்றைக்கே மொக் தன் கைக் காப்பைக் கழற்றி நாயின் கழுத்தில் கட்டினான். பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சந்தையில் பேரம் பேசிய வாய், உப்பு வேண்டும், விறகு வேண்டும் என்பதோடு நின்றுபோனது. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், கல்லறைக்குப் படைக்கிற நாளில், எல்லாரும் மலையடிவாரத்திலேயே கறுப்புச் சோற்றை வைத்து மேட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து ஆடுகூட அந்தச் சரிவில் ஏறவில்லை.

தொண்ணூறுகளில் பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். சந்தை திறந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் கிண்ணமும் போர்வையும் கொண்டுவந்து விற்றார்கள். மொக் சந்தைப்பக்கம் போக மாட்டான். லியூ போனாள். ஒருநாள், போர்வை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்து, எழுந்து வந்தாள்.

“நீ மொக் பொண்டாட்டிதான?”

“ஆமா.”

“நான் ஷெங் பொண்டாட்டி. எங்க வீட்டுக்காரர் உங்க மாமியார் சாவுக்கு வந்தாரு. எப்ப அனுப்பி வைக்கப் போறீங்க?”

லியூ கூடையைக் கீழே வைத்தாள். “அவர் அன்னிக்குச் சாயங்காலமே கெளம்பிட்டாரே.”

“வீடு வந்து சேரலையே” என்றாள் அவள். “உங்க பக்கம் ஓடிப்போயிட்ட துரோகின்னு எங்க வீட்டுச் செவுத்துல எழுதிப் போட்டாங்க. எம் பையன வேலைக்குச் சேக்கல. அங்க இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறாருன்னு சொன்னாங்க. நடத்துனா நடத்தட்டும் அக்கா, நான் சண்டைக்கு வரல. உசுரோட இருக்காரான்னு மட்டும் சொல்லு.”

லியூ வீட்டுக்கு வந்து மொக்கிடம் சொன்னாள். அவன் காலை நீட்டிக்கொண்டு கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

“வேல முடிஞ்சதும் அவனுகளே சுட்டுருப்பானுக. வேறென்ன செய்வானுக?”

அப்படித்தான் இருக்கும் என்று லியூவும் சொல்லிக்கொண்டாள். அந்தக் கட்டை கையைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தது.

அடுத்த வருஷம் வெடி எடுக்கிற பட்டாளத்தார் வந்தார்கள். மாதக்கணக்கில் சரிவைத் தடவித் தடவி எடுத்தார்கள். மூன்றாம் மாதப் படையலுக்குச் சற்று முன்னால், மேட்டுக்கு ஒரு பாதை, அதன் இரண்டு பக்கப் புதரோடு, வெடி இல்லாமல் திறந்தாயிற்று என்றார்கள். ஊரே கிளம்பியது. மொக் கூடையில் மண்வெட்டியும் சோறும் எடுத்துக்கொண்டான். நாய் கூடவே ஓடியது. வீ பெரியவர் தொண்ணூறை நெருங்கியும் தடி ஊன்றிக்கொண்டு வந்தார்.

பாதி ஏறியதும் முன்னால் போன சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். “வெடி எடுக்கும்போதே பாத்தோம். இங்க ஒரு ஆள் கெடக்குறான். எலும்புதான்.”

புதருக்குள் ஓர் எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது. விலா எலும்புகளுக்கு அடியில் துருப்பிடித்த கம்பிகள் ஒரு கட்டாகக் கிடந்தன. கைப்பக்கம் வெள்ளிக் காப்பு. மண்ணைத் துடைத்ததும் சேவல் செதுக்கிய முகப்புத் தெரிந்தது. நாயின் கழுத்தில் கிடப்பதும் அதே சேவல்தான்.

மொக்தான் முதலில் பேசினான். “பாத்தீங்களா. பிடுங்கின கம்பியோடவே செத்துருக்கான். இத அள்ளி ஆத்துல போடுங்க.”

மண்வெட்டியை எலும்பின்மேல் வைத்தான். வீ பெரியவர் வேறெங்கோ பார்த்தார். கம்பி பிடுங்கிய பெண்களில் மிஞ்சியவர்கள் தலைத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தெரியும். மொக்குக்கு மட்டும்தான் தெரியாது. லியூ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், சாகிறவரை அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டே மிதந்திருக்கலாம்.

அவள் எலும்புகளுக்கு மேலே சரிவைப் பார்த்தாள். அங்கே புல்லுக்குள், பெட்டி போன பாதையின் முழு அகலத்துக்கும், இரண்டு வரிசைக் கம்பிகள் நட்டபடி நின்றன. முனைகள் எல்லையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

“மண்வெட்டிய எடு” என்றாள்.

“என்ன?”

“எடுன்னு சொல்றேன். அவன் எதையும் பிடுங்கல. பிடுங்குறதுக்கு அன்னிக்கு இந்தப் பாதையில ஒரு கம்பிகூட இல்ல. அம்புட்டையும் நான் பிடுங்கி அத்திமரத்தடியில வச்சேன். இவங்க எல்லாரும் கூட இருந்தாங்க. அன்னிக்கே நட்டுருங்கன்னு எங்கிட்டக் கெஞ்சினான். நான் மாட்டேன்னேன். இரவல் மகன்னு சொன்னேன். சோறுகூடத் திங்காம வந்து, அத்திமரத்துலருந்து கட்டத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் ஏறி, ஒத்த ஆளா இருட்டுல நட்டுருக்கான். ரெண்டு வரிசைதான் முடிஞ்சுருக்கு. அதுக்குள்ள வந்து அவனச் சாச்சுட்டு, கம்பியப் பாத்துத் தாண்டி எறங்கிட்டானுக.” மூச்சு வாங்கினாள். “நம்ம புள்ளைய நான்தான் கொன்னேன். அவன் இல்ல.”

மொக் மனைவியைப் பார்த்தான். பிறகு வீ பெரியவரைப் பார்த்தான். பெரியவர் தடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து, “ஆமாப்பா” என்றார். மொக்கின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

லியூ படையலுக்குச் சோறு கட்டிவந்த வெள்ளைத்துணியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டாள். கூடையைக் காலிசெய்து, எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அதற்குள் வைத்தாள். கூடையை மொக்கின் முன்னால் வைத்துவிட்டு, நாலடி மேலே ஏறிப் பாதையின் குறுக்கே மல்லாந்து படுத்தாள். ஷெங்குக்கு மகனும் மனைவியும் மலைக்கு அந்தப் பக்கம். அவர்கள் வரும்வரை அம்மாவின் பக்கத்தில் இருக்கட்டும். படுக்க இங்கே வேறு ஆள் இல்லை.

மொக் நாயைக் கூப்பிட்டான். வாலாட்டிக்கொண்டு வந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்க்க அவன் விரல்களுக்கு நெடுநேரம் ஆனது. காப்பைத் தன் சட்டையில் துடைத்துக் கையில் மாட்டப் பார்த்தான். கை பருத்துவிட்டது, ஏறவில்லை. கூடைக்குள், ஷெங்கின் காப்புக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு கூடையை மார்போடு தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்து, மனைவியின்மேல் தாண்டினான். கூடையின் நிழல் அவள் முகத்தில் கடந்து போனது.

மேலே கம்பி வரிசைக்கு முன்னால் போய் நின்றான். குனிந்து ஒரு கம்பியைப் பிடித்து அசைத்தான்.

“பிடுங்காத” என்றாள் லியூ, படுத்தபடியே. “சுத்திப் போ.”

அவன் கூடையை அணைத்துக்கொண்டு முட்புதருக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனான்.